உங்களுக்குத் தெரியுமா? தூக்குக்கும் ஆயுளுக்கும் நடுவே

‘சாகும்வரை சிறை, முன்விடுதலையே கிடையாது’ என்ற தண்டனை நடைமுறையில் வேரூன்றியது பெங்களூர்க் கொலை வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில்தான்!

1991-இல் மனைவியைக் கொன்று வீட்டு வளாகத்திலேயே புதைத்தவர் சுவாமி சிரத்தானந்தா. கீழ் நீதிமன்றம் தூக்கு விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

• 2007: உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் தண்டனையில் பிரிந்தார்கள். எஸ்.பி. சின்ஹா ஆயுள் என்றார். மார்க்கண்டேய கட்ஜு தூக்கு என்றார். அதே சாட்சியம், அதே குற்றவாளி! ஓர் உயிர் இப்படி ஊசலாடுவது நடுங்க வைக்கிறது.

• 2008 ஜூலை 22: இந்தப் பிளவால் வழக்கைக் கேட்ட மூன்று நீதிபதிகள் அமர்வு தூக்கை நீக்கி, சாகும்வரை சிறை என்றது.

• 2015: இத்தகைய தண்டனை செல்லும் என அரசியல் சாசன அமர்வு 3:2 பெரும்பான்மையில் சொன்னது. அந்த அமர்வின் முன் இருந்தது, ராஜீவ் காந்தி கொலைக் கைதிகளை விடுவிக்கத் தமிழக அரசு முயன்றதால் எழுந்த வழக்கு.