கொட்டியாரக் குடாவைத் தாண்டி வரும் பார்சல்

மூதூருக்குப் பார்சல் ஏன் வரவில்லை என்பதை அறிய முன்பெல்லாம் கடலைப் பார்த்தால் போதும். 1927இல் ரயில் பாதை திறந்தபின் கொழும்புச் சாமான்கள் மாகோ, கல்லோயா, கந்தளாய், சீனக்குடா வழியே திருகோணமலைக்கு வந்து இறங்கின. சிக்கலெல்லாம் அதற்கு அப்பால்தான். கொட்டியாரக் குடாவை லோஞ்சில் தாண்ட வேண்டும். தரைவழி என்றால் கிண்ணியாவிலிருந்து ஆற்றுக்கு ஆறு மிதவைப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். வாடைக்காற்று எழுந்தால் “லோஞ்ச் ஓடேல்ல” என்று துறையடியில் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லோடு ஊருக்கே காரணம் தெரிந்துவிடும்.

போர்க்காலத் தாமதம் வேறு வகை. ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கான ஆட்களும் சாமான்களும் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்தும் காங்கேசன்துறைக்குக் கப்பலேறின. கப்பல் எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் ஏன் காத்திருக்கிறோம் என்பது காத்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் அடுத்தடுத்து வந்தன. இப்போது கூரியர் வான் நேரே வாசலுக்கு வருகிறது, கையில் ட்ராக்கிங் நம்பரும் இருக்கிறது. ஆனால் தாமதத்தின் காரணம் மட்டும் நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

அந்த நம்பரை வாசிக்கத் தெரிந்தால் பாதிக் கலக்கம் தீரும். சர்வதேசத் தபாலில் அது பதின்மூன்று குறிகள் கொண்டது: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்து. இலங்கை என்றால் எல்கே, பிரிட்டன் என்றால் ஜிபி, கனடா என்றால் சிஏ. முதலெழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால், சி என்றால் பார்சல், இ என்றால் விரைவுத் தபால். ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஓர் எண்ணைப் பிழையாக அடித்தால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

முக்கியமானது இதுதான்: பார்சல் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பதை ட்ராக்கிங் காட்டுவதில்லை. கடைசியாக எங்கே ஸ்கேன் செய்தார்கள் என்பதையே காட்டுகிறது. லண்டனில் விமானத்துக்கோ கப்பலுக்கோ ஒப்படைத்தபின், கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் அடுத்த ஸ்கேன் விழும்வரை திரையில் ஒன்றும் மாறாது. அதனால் பார்சல் தொலைந்துவிட்டது என்று ஆகாது. செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதியிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் பல ஆபிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கின. அப்படிச் சுற்றி வரவே சுமார் பத்து நாள் கூடுதலாகப் பிடிக்கும். பிறகு சுங்கப் பரிசோதனை. மத்திய கிழக்கில் உழைப்பவர்கள் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அனுப்பும் கார்கோ பெட்டிகளுக்கும் இதே பாடுதான். திருகோணமலைபோல் ஆழமான இயற்கைத் துறைமுகம் கண்முன்னே இருந்தும் கொள்கலன் கப்பல்கள் கொழும்புக்கே போகின்றன. இங்கே வருபவை பெரும்பாலும் கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எண்ணெய் ஏற்றியவை. கடலோரத்தில் வாழ்பவனின் பெட்டி தீவைக் குறுக்கே கடந்து வருவது எனக்கு இன்றைக்கும் ஆறாத மனக்குறை.

உள்நாட்டிலும் தடைகள் உண்டு. 2025 ஓகஸ்டில் தபால் ஊழியர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் வீதிகளையும் ரயில் பாதைகளையும் அறுத்தது. மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் வெள்ளக்காடானது. அந்த நாட்களிலும் திரை “அனுப்பப்பட்டது” என்றே காட்டிக்கொண்டிருந்தால், பார்த்திருப்பவர் என்னவென்று நினைப்பார்?

இந்த மௌனத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். “உங்கள் பார்சல் தடைபட்டுள்ளது, கட்டணம் செலுத்துங்கள்” என்று லிங்க் அனுப்பி வங்கி அட்டை விவரம் கேட்கிறார்கள். தபால் திணைக்களமே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. அந்த லிங்கைத் தொடாதீர்கள். ரசீதோடு தபாலகத்துக்குப் போய்க் கேளுங்கள். முகவரியில் கிராமப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தெளிவாக எழுதுங்கள், மூதூர் என்றால் 31200 என்ற தபால் குறியீட்டையும் சேர்த்து. தபால் திணைக்களத்திடமும் கூரியர் நிறுவனங்களிடமும் கேட்பது ஒன்று: வெள்ளமோ, வேலைநிறுத்தமோ, சுங்கமோ, பார்சல் நின்ற இடத்தையும் நின்ற காரணத்தையும் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.