சுருங்கிய தோலும் மெலிந்த தோலும்: அறுவையின்றிச் செய்யக்கூடியவை எவை?

அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ நெருங்கும் இல்லங்களில் புடவை, பந்தி, பத்திரிகை ஆகியவற்றோடு அண்மைக் காலமாக இன்னொரு பேச்சும் எழுகிறது: முகச் சுருக்கத்திற்கு ஏதேனும் செய்துகொள்ளலாமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளிலிருந்து எங்கள் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோர் இதனைச் சற்றுத் தயக்கத்துடன் கேட்கின்றனர். தயங்க வேண்டியதில்லை. முகம் பொலிவுடன் இருக்க வேண்டும் என்னும் விருப்பத்திற்கு வயது வரம்பு கிடையாது.

ஆயினும் ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தோல் சுருங்குவது வேறு. தோல் மெலிவது வேறு. சுருக்கத்தைக் குறைக்கும் சிகிச்சைகள் பல உள்ளன. மெலிந்த தோலுக்கு வலுவூட்டுபவை சிலவே. விரைவில் பொலிவு தரும் என்று விற்கப்படும் சில கிரீம்களோ தோலை மேலும் மெலியச் செய்கின்றன.

தோல் ஏன் மெலிகிறது?

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம்; நெகிழ்வு தருவது எலாஸ்டின். வயது ஏற ஏற இவை குறைகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் முதல் சில ஆண்டுகளில் இக்குறைவு வேகமடைகிறது. இதனை விரைவுபடுத்தும் புறக்காரணங்களுள் முதன்மையானது வெயில், அடுத்தது புகைபிடித்தல்.

2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியாயிற்று. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய அவருடைய முகத்தின் இடப்பக்கம் மட்டும் ஆழமாகச் சுருங்கித் தடித்திருந்தது. அந்நாட்டில் ஓட்டுநரின் இருக்கை இடப்பக்கம் உள்ளது. சாதாரணக் கண்ணாடியைப் புற ஊதா ஏ கதிர்கள் ஊடுருவக் கூடியவை. நம் நாட்டில் இருக்கை வலப்பக்கம். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் நாள்தோறும் வண்டி ஓட்டுவோர் தம் வலக் கன்னத்தையும் வலக் கையையும் கவனித்துப் பார்க்கலாம். நம் தோலிலுள்ள மெலனின் ஓரளவு காக்கும், முழுமையாகக் காக்காது.

பயன் தருபவை எவை?

சன்ஸ்கிரீன்: ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்கு உட்பட்ட 900-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. நாலரை ஆண்டுகள் நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மூப்பு, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்கள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலினர் என்பதால் அதே அளவு பயன் நமக்கும் கிட்டும் என்று கூற இயலாது. எனினும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும், குடையும், முழுக்கைச் சட்டையுமே முதற்படி.

ட்ரெட்டினாயின்: இரவில் பூசும் இம்மருந்து கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது. மெல்லிய சுருக்கங்களுக்காக 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பட்டாணி அளவு போதும். முதல் வாரங்களில் சிவப்பும் செதில் உதிர்தலும் தோன்றலாம். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். ஆகவே விழாவுக்கு இரு வாரம் முன்பு தொடங்குவதில் பயனில்லை. கருவுற்றோர் பயன்படுத்தலாகாது. காகிதம்போல் மெலிந்த முதியோர் தோலில் எரிச்சல் மிகும். மருத்துவர் கூறினாலன்றித் தொடங்க வேண்டாம்.

பொட்டுலினம் டாக்சின்: ‘போடாக்ஸ்’ என்று பலரும் அறிந்தது. நெற்றியிலும் புருவங்களுக்கு இடையிலும் தசை இறுக்கத்தால் விழும் கோடுகளைத் தளர்த்தும். சில நாட்களில் பலன் தெரியும். மூன்று, நான்கு மாதங்கள் நீடிக்கும். இது தோலைத் தடிப்பாக்காது.

ஃபில்லர்: ஹையலூரானிக் அமிலக் கூழை ஊசிவழிச் செலுத்திப் பள்ளங்களை நிரப்பும் முறை. கூழ் தவறுதலாக இரத்தக் குழாயினுள் சென்றால் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையும் பறிபோகலாம். அந்நிலையில் கூழைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து உடனடியாகத் தேவைப்படும். அது கையிருப்பில் இல்லாத இடத்திலும், மருத்துவர் அல்லாதவரிடமும் இச்சிகிச்சையைச் செய்துகொள்ளாதீர்கள்.

லேசர், மைக்ரோநீடிலிங், கெமிக்கல் பீல்: இவை தோலில் கட்டுப்பாட்டுடன் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும்போது புதிய கொலாஜன் உருவாக வழிசெய்கின்றன. பல அமர்வுகள் வேண்டியிருக்கும். மாநிறத்தோர்க்கும் கருநிறத்தோர்க்கும் அளவு மிகுந்தால் கருந்திட்டு விழும். நம் நிறத் தோலில் அனுபவமுள்ள தோல் மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும்.

கவனம்: ஸ்டீராய்டு கிரீம்

‘ஒரே வாரத்தில் முகம் பளிச்சிடும்’ என்று அக்கம்பக்கத்தார் பரிந்துரைக்கும் கிரீமில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டு இருக்கலாம். குழாயின் மீது அச்சிடப்பட்டுள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். இவை சில தோல் நோய்களுக்கு உரிய மருந்துகள். அழகுப் பொருட்கள் அல்ல. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, முகத்தில் பருவும் முடியும் தோன்றும். 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்தது.

நெடுநாள் பூசியிருந்தால் திடீரென நிறுத்த வேண்டாம். முகம் கடுமையாகச் சிவந்து எரியக் கூடும். குழாயுடன் மருத்துவரை அணுகுங்கள். ஆஸ்துமா, மூட்டுவாதம் ஆகியவற்றிற்காக ஸ்டீராய்டு எடுப்போரும் தோல் மெலிகிறதென்று அஞ்சித் தாமாக நிறுத்தலாகாது.

பராமரிப்போர் கவனத்திற்கு

எழுபது, எண்பது வயதைக் கடந்தோருக்குச் சுருக்கத்தைவிடப் பெரிய இடர் தோல் கிழிதல். கட்டில் விளிம்பில் இடித்தாலோ, வளையல் உரசினாலோ, பிளாஸ்திரியை இழுத்தாலோ தோல் உரிந்துவிடும். இதற்கான எளிய காப்பு ஈரப்பதக் கிரீம். மேற்கு ஆஸ்திரேலியாவின் 14 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வொன்றில், கை கால்களில் நாளுக்கு இருமுறை மணமற்ற ஈரப்பதக் கிரீம் பூசியதால் தோல் கிழிதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

• குளித்தவுடன் தோல் ஈரமாக இருக்கும்போதே கிரீமை மென்மையாகத் தடவுங்கள்; அழுத்தித் தேய்க்காதீர்கள்.
• தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல், உடலின் கீழ் கைகொடுத்துத் தாங்குங்கள்.
• உங்கள் நகங்களை வெட்டி, மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.
• தோல் கிழிந்தால் தூய நீரால் கழுவி, உரிந்த தோலை வெட்டாமல் மெல்ல அதன் இடத்தில் படியவைத்து, ஒட்டாத கட்டுத்துணியால் மூடி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மஞ்சள், காப்பித்தூள் வேண்டாம்.

சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டியவை

• செய்பவர் தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா?
• இது சுருக்கத்திற்கா, மெலிந்த தோலுக்கா? பலன் எத்தனை மாதம் நிற்கும்?
• மொத்தம் எத்தனை அமர்வு, எவ்வளவு செலவு?
• சிக்கல் நேர்ந்தால் இரவிலும் யாரை அழைப்பது?

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை எடுப்போர் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசிச் சிகிச்சைக்காகத் தாமாக அவற்றை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தனியார் கட்டணம் இயலாதோர் மனம் தளர வேண்டாம். சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உள்ளன. வரும்போது வீட்டிலுள்ள கிரீம், மாத்திரை அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்து வாருங்கள். தோல் ஏன் மெலிந்தது என்பதற்கான விடை பல வேளைகளில் அந்தப் பையிலேயே கிடைத்துவிடுகிறது.