ஒக்கிக்குப் பிறகு கூரை

கன்னியாகுமரி மாவட்டத்து வடசேரிக்காரர்களுக்கு ஆலங்கட்டி மழை பழக்கமில்லை. கூரையைப் பிடுங்கும் காற்று பழக்கம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கியபோது ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. ஓட்டு வீடுகளும் தகரக் கூரைகளும் தப்பவில்லை.

காற்று அடங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம் ஏணி தேடுவது. அதுதான் ஆபத்து. அறுந்த மின்கம்பி ஈரத் தகரத்தில் கிடக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தை (94987 94987) அழையுங்கள்.

அடுத்த வேலை, கீழே நின்றபடியே படம் எடுப்பது. பறந்த ஓடு, ஒழுகிய சுவர், நனைந்த கட்டில், எதையும் விட வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிமுறைப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமான கான்கிரீட் வீட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகை 6,500 ரூபாய். ஆசாரி கூலிக்கே போதாது என்பது வேறு கதை. வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பழுது பார்ப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் புயலும் அடக்கம்.

ஓட்டுக் கூரையில் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதாது. ஓட்டைத் தாங்கும் மரமான கழுக்கோல் ஊறியிருந்தால் அதையும் தட்டிப் பார்க்க வேண்டும். முகட்டு ஓட்டின் சாந்து விட்டிருந்தால் அடுத்த மழையில் மறுபடி ஒழுகும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்ந்த நிலையில் உடைக்கவோ அறுக்கவோ கூடாது. நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு முழுசாக இறக்குங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே கூரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.