பழுதும் குறையும்

சொந்த வீட்டில் வாழ்வோர் ஓடு உடைந்தால் மாற்றிக்கொள்வர். குழாய் ஒழுகினால் ஆள் அழைத்துச் செப்பனிடுவர். பிறரைக் கேட்க வேண்டுவதில்லை. வாடகை வீட்டில் வாழ்வோர் நிலை அத்தகையதன்று. சுவர் ஒருவருடையது, அச்சுவரின் ஈரத்தைப் பொறுத்துக்கொண்டு உறங்குபவர் மற்றொருவர். வீட்டுக்கு உரியவர் தனி மனிதராயின் நேரிற் கண்டு முறையிடலாம். நகராண்மைக் கழகமோ, பல்லாயிரம் வீடுகளை உடைய வீட்டு வசதிச் சங்கமோ உரிமையாளராக இருப்பின், யாரிடம் சொல்வது, எவ்வாறு சொல்வது, சொல்லியும் செய்யாவிட்டால் என் செய்வது என்பன பெரிய வினாக்களாகிவிடுகின்றன. இங்கிலாந்தில் ஏறத்தாழ 40 இலட்சம் குடும்பங்கள் இத்தகைய பொதுநல வாடகை வீடுகளில் வாழ்கின்றன. அவ்வினாக்களுக்கு அந்நாட்டார் விடை கண்ட வரலாறு நீண்டது. அதில் ஒரு பகுதி துயரம் மிக்கது.

1865ஆம் ஆண்டில் ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையார், இலண்டன் மாநகரின் மேரிலபோன் பகுதியிற் சீர்கெட்டுக் கிடந்த மூன்று வீடுகளின் பொறுப்பை ஏற்றார். அவற்றை வாங்கப் பொருள் உதவியவர் ஜான் ரஸ்கின் என்னும் எழுத்தாளர். வாடகை பெறுவதற்கு அம்மையார் வீடுதோறும் செல்வார். செல்லும்போதே எங்கே படி உடைந்திருக்கிறது, எங்கே கூரை ஒழுகுகிறது என்று பார்த்து வருவார். ஒவ்வொரு வீட்டுக்கும் செப்பனிடும் செலவுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கினார். அதில் செலவாகாமல் எஞ்சுவதைக் கொண்டு, குடியிருப்போர் விரும்பிய வசதியைச் செய்து கொடுத்தார். ஆதலின் வீட்டைச் சேதமின்றிக் காப்பதில் குடியிருப்போருக்கே அக்கறை பிறந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அம்மையார் கண்டிப்பு மிக்கவர். வாடகை தவறியவரை வெளியேற்றத் தயங்கமாட்டார். அவர் செய்த நன்மை அவருடைய மனத்தைப் பொறுத்திருந்ததேயன்றி, குடியிருப்போர் கையில் உரிமை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

முதல் உலகப் போருக்குப் பின் 1919ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கத்தின் பொருளுதவியோடு நகராண்மைக் கழகங்கள் பெருந்தொகையான வீடுகளைக் கட்டத் தொடங்கின. 1961ஆம் ஆண்டுச் சட்டம் செப்பனிடும் கடமையை உரிமையாளர்மீது தெளிவாகச் சுமத்தியது. அக்கடமை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவாக இன்றும் நிலவுகிறது. வீட்டின் கட்டுமானம், வெளிப்புறம், கழிவுநீர்க் குழாய், கூரைநீர் வடியும் தூம்பு ஆகியவற்றையும், நீர், எரிவாயு, மின்சாரம், வெந்நீர், அறைச்சூடு ஆகியவற்றுக்குரிய அமைப்புகளையும் நல்ல நிலையில் வைத்திருத்தல் உரிமையாளரின் பொறுப்பாகும். குடியிருப்போருக்கும் சிறு கடமைகள் உண்டு. தொட்டியில் அடைப்பு ஏற்பட்டால் நீக்கிக்கொள்வதும், குளிர்காலத்தில் வெளியூர் செல்லும்போது நீர்க்குழாயை மூடிச் செல்வதும் அவர்கள் செய்யவேண்டியவை.

கடமை உண்டு என்பதனால் மட்டும் வேலை நடந்துவிடாது. பழுது இருப்பதை உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். 1965ஆம் ஆண்டில், மேல்மாடியில் இருப்போர் குதித்து ஆடுவதால் தம் அறையின் மேற்கூரை விழக்கூடும் என்று கீழே குடியிருந்தோர் முறையிட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், அவர்கள் படுத்திருந்தபோது அக்கூரை அவர்கள்மேல் விழுந்து காயப்படுத்தியது. வழக்குப் பிரபுக்கள் சபைவரை சென்றது. கூரையில் உண்மையாகவே பழுது இருந்ததென்று உரிமையாளருக்கு எவரும் அறிவிக்கவில்லை. ஆதலின் அவர் பொறுப்பாளி அல்லர் என 1973ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. விழக்கூடும் என்ற அச்சத்தைச் சொல்வது வேறு, இங்கே விரிசல் இருக்கிறது என்று சொல்வது வேறு என்று சட்டம் கொண்டது. கேட்பவர்க்கு இது கொடிதாகத் தோன்றலாம். ஆயினும், எந்த அறையில், எந்த இடத்தில், எந்நாள் முதல் என்று குறித்துக் கடிதம் எழுதி, அதன் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் ஏன் வற்புறுத்தப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு சிக்கல் இதனினும் நுட்பமானது. வெப்பமான காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு தாங்க இயலாது. ஒரு குடும்பம் சமைப்பதாலும், குளிப்பதாலும், துணி உலர்த்துவதாலும், மூச்சு விடுவதாலுங்கூட அறைக்காற்றில் நீராவி சேர்கிறது. அக்காற்றுக் குளிர்ந்த சுவரையோ சன்னலையோ தொடும்போது நீர்த்துளிகள் அரும்புகின்றன. பனிக்கட்டி இட்ட குவளையின் புறத்தே நீர் அரும்புவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுவே இது. சுவர் நாள்தோறும் நனைந்தால் ஓதம் ஏறும். ஓதம் ஏறிய இடத்திற் கரும்பூசணம் படரும். பூசணத்தின் நுண்துகள்கள் காற்றிற் கலந்து மூச்சுக்குழலைத் தாக்கும்.

வேல்ஸ் நாட்டில் ஒரு நகராண்மைக் கழக வீட்டில் இவ்வாறே நேர்ந்தது. சன்னல்களின் உலோகச் சட்டங்கள் குளிரை உள்ளே கடத்தின. நிலைக்கு மேலிருந்த கற்காரை விட்டங்களுக்குக் குளிர்காப்பு இல்லை. ஈரத்தால் படுக்கையும் உடைகளும் மரச்சாமான்களும் கெட்டன. குடியிருந்தவர் வழக்குத் தொடுத்தார். 1985ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புரைத்தது. சன்னல் உடையவில்லை, சுவர் இடியவில்லை, கட்டிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன, ஆதலின் அங்கே பழுது என்பதே இல்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. கெட்டுப்போனதைச் சரிசெய்வது உரிமையாளர் கடன். பிறவியிலேயே குறையுடைய வீட்டை மேம்படுத்துவது அவர் கடன் அன்று என்றாயிற்று. ஈரத்தில் உறங்கும் குழந்தைக்குப் பழுது எது, குறை எது என்று தெரியுமா?

இவ்விடைவெளி மெல்ல மெல்லவே அடைபட்டது. 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் நல்ல வீட்டுக்குரிய அளவுகோல் ஒன்றை வகுத்து, பொதுநல வீடுகள் அனைத்தையும் 2010க்குள் அந்நிலைக்குக் கொணர முனைந்தது. அறைச்சூடு போதுமானதாக உள்ளதா, சமையலறை இருபது ஆண்டுக்கு மேற்பட்டதா, குளியலறை முப்பது ஆண்டுக்கு மேற்பட்டதா என்பனவும் ஆராயப்பட்டன. குடியிருப்போர் தாமே தம் செலவில் வசதி செய்துகொள்வதற்கும் வழி உண்டு. நகராண்மைக் கழக வீட்டில் நிலைத்த உரிமையோடு இருப்போர் எழுத்து மூலம் இசைவு கேட்டால், தக்க காரணமின்றி மறுத்தல் கூடாது. தக்கவாறு செய்த சில மேம்பாடுகளுக்கு, வீட்டை விட்டுச் செல்லும்போது ஈட்டுத்தொகை பெறும் முறையும் 1994 முதல் உண்டு. பின்னர் 2018ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை வீடு மனிதர் வாழத் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும் என விதித்தது. 2019 மார்ச்சு முதல் இங்கிலாந்தில் இது நடைமுறைக்கு வந்தது. இதன்பின், ஓதம் பழுதினால் வந்ததா, கட்டிய முறையினால் வந்ததா என்னும் வாதம் முன்போற் பயன்படவில்லை.

சட்டம் வந்தும் உயிர் ஒன்று போயிற்று. இங்கிலாந்தின் வடபகுதியில் ரோச்டேல் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஓர் அடுக்கு வீட்டில், சூடான் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று வாழ்ந்தது. 2017ஆம் ஆண்டிலேயே தந்தையார் சுவரிற் பூசணம் படர்வதை வீட்டுச் சங்கத்தாரிடம் தெரிவித்தார். அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு விடை வந்தது. அவரும் பூசினார், பூசணம் மீண்டும் வந்தது. அக்குடும்பத்தார் குளிக்கும் முறையால் நீர் சிந்துவதே காரணம் என்று அலுவலர் சிலர் கருதினர். நேரில் ஆராயாமலே பிறருடைய பழக்கத்தின்மேற் பழியைச் சுமத்துவது எவ்வளவு எளிதாக இருந்தது! 2020ஆம் ஆண்டில் தந்தையார் வழக்கறிஞரை நாடினார்; குழந்தை நலங்காண வரும் செவிலியும் கடிதம் எழுதினார். ஆயினும், வழக்கறிஞர் வழியாக முறையீடு வந்தால் உடன்பாடு ஏற்படும்வரை வேலை தொடங்குவதில்லை என்னும் அலுவலக வழக்கம் குறுக்கே நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள், இரண்டு வயது நிறைந்து சில நாட்களே ஆன அவாப் இசாக் என்னும் அச்சிறுவன் இறந்தான். நெடுநாள் பூசணக் காற்றைச் சுவாசித்ததே அவனுடைய மூச்சு நோய்க்குக் காரணம் என்றும், வீட்டிற் காற்றோட்டம் போதவில்லை என்றும் 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார்.

பெற்றோர் ஓயவில்லை. 2023ஆம் ஆண்டில் பாராளுமன்றம் பொதுநல வீடுகள் பற்றிய புதிய சட்டத்தை இயற்றியது. அதன் ஒரு பகுதி அச்சிறுவன் பெயரால் அவாப் சட்டம் என்றே வழங்குகிறது. 2025 அக்டோபர் 27 முதல் அது செயற்படுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து விளைக்கும் கேடாயின் 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து நீக்க வேண்டும். உடல்நலத்தைக் கெடுக்கத்தக்க ஓதமும் பூசணமும் பற்றிய முறையீடாயின், 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ச்சி முடிந்த 3 வேலை நாட்களுக்குள் கண்டதை எழுத்தில் தரவேண்டும். 5 வேலை நாட்களுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். உரிய காலத்துக்குள் வீட்டை ஆபத்தற்றதாக்க இயலாவிடின், குடும்பத்துக்குச் சங்கத்தின் செலவிலேயே வேறு தங்குமிடம் அளித்தல் வேண்டும்.

காலம் கடந்தும் வேலை நடக்காவிட்டால் வாடகையை நிறுத்திவிடலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது தவறான வழி. வாடகைப் பாக்கியைக் காட்டி வீட்டைவிட்டு வெளியேற்றவும் வழக்குத் தொடுக்கலாம். முதலிற் சங்கத்துக்கே முறைப்படி குறையீடு எழுத வேண்டும். அதற்கு இரண்டு படிகள் உண்டு. குறையீடு கிடைத்ததை 5 வேலை நாட்களுக்குள் ஒப்புக்கொண்டு, அதன்பின் 10 வேலை நாட்களுக்குள் முதற்படியில் விடை தரவேண்டும். அது மனநிறைவு தராவிடின் இரண்டாம் படிக்கு எழுதலாம். அதற்கு விடை தர 20 வேலை நாட்கள் உண்டு. அதுவும் பயன் தராவிடின் வீட்டு வசதிக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். அவர் சங்கத்தின் ஏடுகளை வருவித்துப் பார்ப்பார். தவறு கண்டால் வேலையைச் செய்யவும் ஈட்டுத்தொகை வழங்கவும் ஆணையிடுவார். முன்பு பாராளுமன்ற உறுப்பினர் போன்ற ஒருவர் வழியாகவேனும், எட்டு வாரம் காத்திருந்தேனும் அவரை அணுக வேண்டியிருந்தது. 2022 அக்டோபர் முதல் நேராகவே எழுதலாம். கட்டணம் ஏதும் இல்லை.