உஷார்! பத்து ஏத்தன் கேட்டால் பத்துக் குலை வரும்

நம்ம ஊர் கருங்கல் சந்தைப் பக்கம் போய் "பத்து ஏத்தன்" என்று கேட்டுப் பாருங்கள். சில்லறை விற்கிறவர் பத்து வாழைப்பழத்தைப் பிய்த்து நீட்டுவார். மொத்த வியாபாரி "பத்து கொலையா?" என்பார். பதற வேண்டாம், குலையைத்தான் நம்ம ஊரில் அப்படிச் சொல்லுவோம். நம் கையில் இருப்பது மஞ்சப்பையா, வெளியே நிற்பது மினி டெம்போவா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

ஏஐ ஏஜென்டுக்கு அந்தப் பை தெரியாது.

இது எனக்கே நடந்தது. ஒரு பழக்கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் ஏஜென்ட் செய்துகொடுத்தேன். ஆர்டர் போட அது கூப்பிடும் டூலுக்கு, அதாவது சின்ன புரோகிராமுக்கு, நான் எழுதிய விளக்கம் மூன்றே சொல்: "ஆர்டரைப் பதிவு செய்யும்." அளவு என்ற இடத்தில் "எண்" என்று மட்டும் போட்டிருந்தேன். சோதித்துப் பார்க்க, "வீட்டுக்கு பத்து ஏத்தன் வேணும்" என்று அனுப்பினேன். பில்லில் விழுந்தது பத்துக் குலை. கேள்வி இல்லை, தயக்கம் இல்லை. கடைசியில் ஒரு நன்றி வேறு! கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தப்பு அதுக்கு இல்ல தம்பி, ஒனக்காக்கும்."

உண்மைதான். ஏஜென்ட் பொதுவாக நம் புரோகிராமைத் திறந்து படிப்பதில்லை. டூலின் பெயர், அதற்கு நாம் எழுதிய விளக்கம், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு வரி, இவைதான் அதன் கைக்குப் போகின்றன. 2023 ஜூனில் ஓபன்ஏஐ ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்தபோதும் இதுதான் ஏற்பாடு. ஏஜென்டை டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபியிலும் இதேதான். ஏபிஐக்கு ஆவணம் எழுதும்போது, எதிரே இருப்பவர் புரோகிராமர், புரியாவிட்டால் போன் போட்டுக் கேட்பார் என்ற தைரியம் நமக்கு உண்டு. ஏஜென்ட் போன் போடாது. காலியாக விட்ட இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு போய்விடும்.

அன்று ராத்திரி திருத்தி எழுதினேன்: "வாடிக்கையாளர் உறுதி சொன்ன பிறகு மட்டும் இதைக் கூப்பிடு. விலை கேட்டால் இதைத் தொடாதே, விலை பார்க்கும் டூல் தனியாக இருக்கிறது. அளவு எப்போதும் குலைக் கணக்கில். வெறும் எண் வந்தால் கிலோவா, குலையா, பழக் கணக்கா என்று கேள்." அதன் பிறகு அதே "பத்து ஏத்தன்" போனபோது ஏஜென்ட் திருப்பிக் கேட்டது. ஒரு வரி புரோகிராமைக்கூட மாற்றவில்லை.

வாழைப்பழம் போனால் போகட்டும். பணம்? ஆன்லைனில் பணம் வாங்க உதவும் ரேசர்பே ஏபிஐயில் ரூபாய்த் தொகையைப் பைசாவில்தான் அனுப்ப வேண்டும்; 500 ரூபாய்க்கு 50000. டூல் விளக்கத்தில் வெறும் "தொகை" என்று விட்டால், ஏஜென்ட் 500 என்று அனுப்பி ஐந்து ரூபாய்க்கு லிங்க் போடலாம். இதற்கு நேர் எதிரானது இன்னும் பயங்கரம். நீங்கள் ரூபாய்க் கணக்கில் ஒரு ரீஃபண்ட் டூல் செய்து வைத்திருக்கிறீர்கள். பைசாக் கணக்கை வேறெங்கோ படித்துப் பழகிய ஏஜென்ட் 50000 என்று அனுப்பினால், 500 போக வேண்டிய இடத்தில் ஐம்பதாயிரம் போகும். சாட்ஜிபிடி வழியாக யுபிஐயில் பணம் கட்டும் சோதனையை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, ரேசர்பே, ஓபன்ஏஐ மூன்றும் 2025 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டன. இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சமாச்சாரம் என்று இருந்துவிடாதீர்கள்.

தேதியும் அப்படித்தான். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரனுக்கு மார்ச் 4.

இன்னொரு சிக்கலும் உண்டு. மழை இரண்டு தூறல் போட்டால் நெட் படுத்துக்கொள்கிற ஊர் நம்முடையது. ஆர்டர் போய்ச் சேர்ந்திருக்கும், பதில் மட்டும் வந்திருக்காது. ஏஜென்ட் தோற்றுவிட்டதாக நினைத்து மறுபடி போடும். "பதில் வராவிட்டால் திரும்பப் போடாதே, முதலில் ஆர்டர் நிலையைப் பார்" என்று விளக்கத்தில் எழுதுங்கள். ஒரே ஆர்டர் எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்காதபடி சர்வரிலும் தடுத்து வையுங்கள்.

அடுத்தது விஷம், டூல் விளக்கத்துக்குள்ளேயே வைக்கிற விஷம். இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் 2025 ஏப்ரலில் செய்து காட்டியது இது: இரண்டு எண்ணைக் கூட்டும் சாதாரண டூல். அதன் விளக்கத்துக்குள், கணினியில் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து உள்ளீட்டோடு சேர்த்து அனுப்பு, பயனரிடம் சொல்லாதே என்று ஒளித்து எழுதியிருந்தார்கள். புரோகிராம் எழுத உதவும் கர்சர் செயலியில் இருந்த ஏஜென்ட் அப்படியே செய்தது. பயனர் கண்ணில் பட்டதென்னவோ கூட்டல் கணக்குதான். ஊர் பேர் தெரியாதவர் எழுதிய டூலை ஏஜென்டிடம் மாட்டும் முன், அதன் விளக்கத்தை முழுசாகப் படியுங்கள். ஒருமுறை படித்தது போதாது. நீங்கள் அனுமதி கொடுத்த பிறகும் அதை மாற்றி எழுத முடியும்.

நன்றாக எழுதிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 2025 ஜூலையில், புரோகிராம் எழுதித் தரும் ரெப்ளிட் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று பலமுறை சொல்லியிருந்தும் ஒரு தொழில்முனைவரின் டேட்டாபேஸை அழித்தது. விளக்கம் வழிகாட்டும், பூட்டு போடாது. அழிக்கிற, பணம் அனுப்புகிற டூலுக்கு மனிதர் ஒருவர் சரி சொல்லாமல் நகராதபடி புரோகிராமிலேயே தடை வையுங்கள். பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா தன் கைட் எம்சிபியை வெளியிட்டபோது கணக்கைப் பார்க்க மட்டும்தான் விட்டது, பங்கு வாங்க விற்க விடவில்லை. அது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல, விவரம்.

ஏஜென்டிடம் ரீஃபண்ட் டூல் கொடுத்து வைத்திருப்பவர்களா நீங்கள்? இதைப் படித்து முடித்த கையோடு அந்த விளக்கத்தைத் திறங்கள். தொகைக்குப் பக்கத்தில் ரூபாயா பைசாவா என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள்.