வானத்தில் பறக்க நிலம் வேண்டும்

இயந்திரம் இல்லாத விமானமே கிளைடர். மேலெழும் காற்றோட்டத்தைத் துணையாகக் கொண்டு அது மணிக்கணக்கில் வானில் நிற்கும். தேர்ந்த விமானி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே இறங்குவதும் உண்டு. ஆனால், தரையிலிருந்து தானாக எழும்பும் ஆற்றல் அதற்குக் கிடையாது. முதல் சில நூறு மீட்டர் உயரத்துக்கு யாரேனும் ஏற்றிவிட்டாக வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, இயந்திர விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துச் செல்வது. இதற்குச் செலவு அதிகம். மற்றொன்று, 'வின்ச்' எனப்படும் இழுவைப் பொறி. சிறுவர்கள் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பட்டத்தை ஏற்றுவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். களத்தின் மறுமுனையில் இருக்கும் பொறி ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கம்பி வடத்தை விரைந்து சுருட்டும். சில நொடிகளில் கிளைடர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கி, செங்குத்தாக ஏறத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குள் 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் வடத்தை விடுவித்துக்கொள்ளும். எரிபொருள் செலவு மிகக் குறைவு. பிரிட்டனில் 14 வயதுச் சிறுவர்கூடத் தனியே கிளைடர் ஓட்டலாம். இந்தக் கலை செல்வந்தர்களின் தனிச்சொத்தாகிவிடாமல் காப்பதில் வின்ச்சுக்குப் பெரும் பங்குண்டு.

பொறியில் மிச்சமாகும் செலவை நிலம் வாங்கிக்கொள்கிறது என்பதுதான் இதில் உள்ள முரண். எட்டும் உயரம் பெரும்பாலும் வடத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. களம் குறுகினால் உயரம் குறையும். உயரம் குறைந்தால் மேலெழும் காற்றைத் தேடிப்பிடிக்க அவகாசம் இருக்காது. வடம் எந்த உயரத்தில் அறுந்தாலும் கிளைடர் பாதுகாப்பாக இறங்க இடம் வேண்டும். விடுவிக்கப்பட்ட வடம் காற்றில் விலகி விழக்கூடும் என்பதால் அருகில் சாலையோ, வீடோ, மின்கம்பியோ இருக்கலாகாது. களம் அப்பகுதியில் பெரும்பாலும் வீசும் காற்றின் திசைக்கு இசைய அமைய வேண்டும். பெரிய விமான நிலையங்களின் வான்வழிக்கும் விலகியிருக்க வேண்டும். இத்தனையும் ஒருங்கே அமைந்த இடம், மக்கள் நெருக்கமாக வாழும் தென்கிழக்கு இங்கிலாந்தில் எளிதில் கிடைக்குமா?

இதுவரை கிடைத்ததற்கு முக்கியக் காரணம் இரண்டாம் உலகப் போர். அப்போது பிரிட்டன் நூற்றுக்கணக்கான விமானத் தளங்களை அவசரமாகக் கட்டியது. குண்டுவீச்சு விமானங்களுக்கான தளங்களின் பொது அளவுகோலின்படி முதன்மை ஓடுபாதை 2,000 கஜம், அதாவது ஏறத்தாழ 1,830 மீட்டர் நீளம் கொண்டது. கூடுமானவரை அது வீசும் காற்றின் திசையை ஒட்டியே அமைக்கப்பட்டது. வின்ச்சுக்கென்றே அளந்து கட்டியது போன்ற இடங்கள் அவை. போர் முடிந்ததும் பல தளங்கள் கிளைடர் சங்கங்களுக்குப் புகலிடமாயின.

பொருளியல் நோக்கில் இது வரலாறு கொடுத்த மானியம். அந்த மானியம் இப்போது கரைந்து வருகிறது. கேம்பிரிட்ஜ் அருகே ஓக்கிங்டன் தளம் இருந்த இடத்தில் நார்த்ஸ்டோ என்னும் புதுநகரம் எழுகிறது. வாட்டர்பீச், ஆல்கன்பரி தளங்களின் கதையும் அதுவே. அங்கே வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது என்பதை மறுப்பதற்கில்லை. வீடில்லாதவரிடம் போய்ப் பறக்கும் உரிமையைப் பேச முடியாது. ஆனால், இரு பயன்களையும் சந்தை விலை என்ற ஒரே தராசில் நிறுத்துவதுதான் பிழை. வீட்டுமனையாக மாறும் நிலத்தின் விலையோடு எந்தச் சங்கத்தின் சந்தாவும் போட்டியிட முடியாது. வீடுகளைச் சில மைல்கள் தள்ளியும் கட்டலாம். கூறுபோடப்பட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் வெளியை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. திரும்பப் பெற முடியாத ஒன்றை விட்டுக்கொடுக்கும் முடிவுக்குக் கூடுதல் நிதானம் வேண்டும் என்பது பொருளியலின் பாலபாடம்.

வழி இல்லாமல் இல்லை. ஹாம்ப்ஷயரின் லாஷம் தளத்தைப் பயன்படுத்திவந்த சங்கம் 1999-இல் அந்த நிலத்தையே சொந்தமாக்கிக்கொண்டது. எல்லாச் சங்கங்களுக்கும் அந்த வசதி இராது. அவற்றுக்கு நீண்டகாலக் குத்தகை உறுதி தரலாம். பறக்காத நேரங்களில் புல் அறுப்பு, ஆட்டு மேய்ச்சல் என நிலத்தின் பயனைப் பகிரலாம். திட்ட அனுமதி வழங்கும் அமைப்புகள், ஒரு களம் மறைந்தால் மாற்றுக் களம் எங்கே என்று முதலில் கேட்கலாம்.

வெற்று வெளியைப் பயனற்ற நிலம் என்று எண்ணுவது எளிது. அதன் பயன் அது வெறுமையாக இருப்பதிலேயே அடங்கியிருக்கலாம். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் குறைந்த செலவில் வானத்தைத் தொட்டுவர முடிகிறது என்றால், அதற்கான விலையை அந்த வெளிதான் சத்தமில்லாமல் செலுத்திக்கொண்டிருக்கிறது.