ஒரு கடை, ஒரே ஒரு உணவு... பினாங்கு தீவில் நாள் முழுக்க சாப்பிடலாம்!

காலை ஏழு மணி. மலேசியாவின் பினாங்கு தீவு, ஜார்ஜ் டவுன். தெருமுனைக் காபிக்கடையில் மின்விசிறிகள் தடதடவெனச் சுற்றுகின்றன. பளிங்கு மேஜைகளில் தாத்தாக்கள் பேப்பர் படிக்கிறார்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். உட்கார்ந்ததும் ஒருவர் வந்து, “என்ன குடிக்கிறீங்க?” என்று மட்டும்தான் கேட்பார். சாப்பாட்டை நாமேதான் தேடிப் போக வேண்டும்.

இந்த மாதிரிக் கடைக்கு ‘கோப்பித்தியாம்’ என்று பெயர். ‘கோப்பி’ மலாய்ச் சொல், ‘தியாம்’ என்றால் ஹொக்கியன் சீன மொழியில் கடை. கடை முதலாளி விற்பது பானங்களை மட்டும்தான். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன அடுப்புக் கடைகள் அவரிடம் வாடகைக்கு இடம் பிடித்தவை. பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒரே ஓர் உணவு. பல வருடங்களாக ஒரே கை, ஒரே வாணலி. சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான் இந்தத் தீவு. ஆனாலும் சாப்பிடுவதற்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இங்கே வருவதற்கு இதுதான் காரணம்.

காவடியில் வந்த சோறு

தமிழர்கள் முதலில் தேட வேண்டியது ‘நாசி கண்டார்’. ‘நாசி’ என்றால் மலாயில் சோறு. ‘கண்டார்’ என்றால் தோளில் கம்பு வைத்து இரு பக்கமும் சுமை தூக்குவது, நம்மூர்க் காவடி மாதிரி. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை என்று தூக்கிக்கொண்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அந்தக் காவடி இறங்கிய இடங்களில்தான் பிற்காலத்தில் கடைகள் எழுந்தன. கேம்பெல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகத்தின் தொடக்க ஆண்டு 1907.

வரிசையில் நின்று கோழி, மாட்டிறைச்சி, மீன்முட்டை, கணவாய், வெண்டைக்காய் என்று கைகாட்டினால் போதும். கடைசியில் ‘பஞ்சிர்’ என்று சொல்ல மறக்காதீர்கள். மலாயில் அதற்கு ‘வெள்ளம்’ என்று அர்த்தம். நாலைந்து குழம்புகளைக் கலந்து சோறு மிதக்க ஊற்றுவார்கள். ருசியே அந்தக் கலவையில்தான்.

புளியும் புகையும்

மதியத்துக்கு ‘அசாம் லக்சா’. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளி சேர்த்துக் கொதிக்க வைத்த குழம்பில் கனமான அரிசி நூடுல்ஸ். மேலே அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா, கூடவே கறுப்பான இறால் விழுது. முதல் வாய்க்கு மூக்கு சுளிக்கும், மூன்றாவது வாய்க்கு நம்ம ஊர் மீன்குழம்பு ஞாபகம் வரும். 2011-ல் சி.என்.என். பயணப் பிரிவு வெளியிட்ட உலகின் சுவையான 50 உணவுகள் பட்டியலில் இதற்கு ஏழாவது இடம்.

மாலைக்கு ‘சார் குவே தியாவ்’. தட்டையான அரிசி நூடுல்ஸோடு இறால், சின்னச் சிப்பி, முளைப்பயறு, முட்டை எல்லாம் சேர்த்துப் பெருந்தீயில் புரட்டி எடுப்பார்கள். கைதேர்ந்தவர்கள் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வறுப்பார்கள். பத்துத் தட்டு மொத்தமாகப் போட்டால் அந்தப் புகை வாசம் வராது. காத்திருக்கத்தான் வேண்டும்.

இனிப்புக்கு ‘செண்டோல்’. ஓமப்பொடி போலப் பிழிந்த பச்சை அரிசிமாவு இழைகள், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்பு பீன்ஸ், சீவிய ஐஸ். ஜிகர்தண்டா பிடித்தவர்கள் இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள்.

அடுத்து யார் சமைப்பது?

இவ்வளவு ருசிக்கும் பின்னால் ஒரு கவலை இருக்கிறது. அடுப்பருகே நிற்பவர்களில் பலர் வயதானவர்கள். விடிவதற்கு முன் எழுந்து, நாளெல்லாம் தீயருகே நிற்கும் வேலைக்குப் படித்த பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள். ஆள் இல்லாத இடத்தை வெளிநாட்டுத் தொழிலாளிகள் நிரப்பினார்கள். ருசி மாறிவிடும் என்று பயந்த பினாங்கு அரசு, 2016 முதல் தெருக்கடைகளின் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டினர் முதன்மைச் சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று விதி போட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாசி கண்டார் தமிழ்நாட்டுக்காரர்களோடு வந்தது, குவே தியாவ் சீனாவிலிருந்து வந்தவர்களோடு வந்தது. இன்று ‘உள்ளூர் உணவு’ என்று காப்பாற்றப்படுபவற்றில் பல, பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்தவைதான். விதியால் வெளியாளைத் தடுக்க முடிந்தது. வீட்டுப் பிள்ளையை அடுப்பருகே நிறுத்த முடியவில்லை. அப்பாவின் கரண்டியைப் பிடிக்க மகனோ மகளோ வந்த கடைகள்தான் அதே ருசியோடு நிற்கின்றன. வராத கடைகளில் சில, ஒரு நாள் சத்தமில்லாமல் மூடிவிடுகின்றன.

போகும் முன் கவனிக்க...

* கோப்பித்தியாமில் ஒரு பானமாவது வாங்குவது மரியாதை. ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாத காபி, ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரையும் இருக்காது.
* மேஜை எண்ணைச் சொல்லிவிட்டு வந்தால் சாப்பாடு தேடி வரும். தட்டு வந்ததும் அந்தந்தக் கடைக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.
* நாசி கண்டாரில் பெரிய இறால், கணவாய் எடுக்கும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.
* சைவர்கள் கவனம்: லக்சாவில் மீனும், சார் குவே தியாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் இருக்கும். லிட்டில் இந்தியாவில் நம் சைவ உணவகங்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சீனர்கள் பலரும் சைவம் சாப்பிடுவதால், சீன சைவக் கடைகளிலும் அன்று கூட்டம் களைகட்டும்.
* பிடித்த கடையை நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். சாப்பாடு தீர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள், விடுமுறை நாளும் கடைக்குக் கடை மாறும்.